பெட்டி வைத்து எண்ணிய காலம்

கட்சியின் மூத்தவரை அதே கட்சியின் இளையவர் எதிர்த்து நிற்கலாமா? 1940-ல் 3 ஓட்டு, 1954-ல் 52 ஓட்டு வித்தியாசத்தில் தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. அந்தப் பதிலைச் செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூரிலிருந்து திரும்பிப் பார்க்கிறோம்.

‘இந்த முறை யாருக்குச் சீட்டு?’

சட்டமன்றத் தேர்தலுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே செய்யூர் கடைத்தெருவில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். உப்பளத்தில் வேலை முடித்து வருகிறவர்கள் டீக்கடையில் கேட்பார்கள். கடப்பாக்கத்தில் வலையை உலர்த்திக்கொண்டே கேட்பார்கள். இலத்தூர், சித்தாமூர் ஒன்றியங்களின் ஊர்க்கூட்டங்களில் கேட்பார்கள். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். தங்கள் கட்சியில் யார் நிற்பார் என்பதுதான் தொண்டனுக்கு முதல் கவலை.

இந்தக் கேள்விக்குப் பதில் செய்யூரில் கிடைக்காது. பத்து, பதினைந்து வருடம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், வெள்ளம் வந்தபோது படகு பிடித்துச் சோறு கொண்டுபோனவர், கிளைச் செயலாளராக இருந்து தலைமுடி நரைக்கத் தொடங்கியவர் என எல்லோரும் சென்னைக்குப் போய் விருப்ப மனு கொடுப்பார்கள். கட்டணம் கட்டுவார்கள். நேர்காணலில் ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ என்ற கேள்விக்குத் தயாராகப் போவார்கள். பிறகு காத்திருப்பார்கள். ஒருநாள் பட்டியல் வரும். தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போயிருக்கலாம். பழைய முகமே திரும்ப வந்திருக்கலாம். யாரும் எதிர்பாராத பெயர் இருக்கலாம். கட்சித் தலைமை கொடுக்கும் பி ஃபாரத்தில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அவரே வேட்பாளர். அந்தப் பெயருக்காகச் செய்யூரில் ஒருவர்கூட ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்.

செய்யூர் சட்டமன்றத் தொகுதி, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2011-ல் முதல் தேர்தலைச் சந்தித்தது. பட்டியலினத்தவருக்கான தனித்தொகுதி. 2011-ல் அ.தி.மு.க.வின் வி.எஸ். ராஜி, 2016-ல் தி.மு.க.வின் ஆர்.டி. அரசு, 2021-ல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் பனையூர் மு. பாபு வென்றார்கள். மூன்று தேர்தலில் மூன்று கட்சி. கட்சியை மாற்றும் துணிவு இந்த வாக்காளர்களுக்கு நிறையவே இருக்கிறது. ஒரே கட்சிக்குள் ஆளை மாற்ற மட்டும் அவர்களுக்கோ அந்தக் கட்சித் தொண்டர்களுக்கோ வழி வைக்கப்படவில்லை.

அந்த வழி இருந்தால் என்ன ஆகும்? கட்சி உடைந்துவிடும், மூத்தவர்களுக்கு அவமரியாதை, எதிரிக்குக் கொண்டாட்டம் என்று உடனே பதில் வரும். இந்தப் பயம் நியாயமானதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் ஒரு போட்டி

முதலில் கடல் கடந்து ஒரு காட்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் மார்கி என்ற ஜனநாயகக் கட்சித் தலைவர் இருக்கிறார். 1946-ல் பிறந்தவர். 1976-ல் கீழவைக்கும் 2013-ல் செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2025 அக்டோபரில் அவரை எதிர்த்து அதே கட்சியைச் சேர்ந்த சேத் மோல்ட்டன் களமிறங்குவதாக அறிவித்தார். மோல்ட்டன் 1978-ல் பிறந்தவர், இராக் போரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர். 2014-ல் ஒன்பது முறை வென்ற சொந்தக் கட்சி உறுப்பினரைத் தோற்கடித்துத்தான் அவர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்தார்.

அங்கே வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். மூத்தவரை எதிர்ப்பதற்கு இளையவர் தலைமையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்சியை விட்டு வெளியே போகவும் வேண்டியதில்லை.

இதே மார்கியை 2020-ல் ஜோ கென்னடி எதிர்த்தார். 39 வயது. மாசசூசெட்ஸில் கென்னடி குடும்பத்துக்கு இருக்கும் செல்வாக்கை நாம் அறிவோம். அப்போது 74 வயதான மார்கிதான் ஏறக்குறைய 55-க்கு 45 என்ற கணக்கில் வென்றார். சுற்றுச்சூழலுக்காக அவர் பேசிய பேச்சுக்கு இளைஞர்கள் திரண்டு வந்து வேலை பார்த்தார்கள். இளையவர் எதிர்த்தால் மூத்தவர் கட்டாயம் விழுவார் என்பதில்லை. தன் தகுதியை மறுபடி ஒருமுறை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நம் ஊருக்குச் சரிப்படாது என்று சொல்பவர்கள் நம் வரலாற்றையே மறந்தவர்கள்.

மூன்று ஓட்டு

1930. உப்புச் சத்தியாக்கிரகம். திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திச் சென்றவர் ராஜாஜி. அதே போராட்டத்தில் சிறை சென்று அலிப்பூர் வரை அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் விருதுநகர் காமராஜர். அப்போது அவருக்கு 26 வயது. செய்யூர் உப்பளங்களைக் கடந்து போகும்போது அந்த உறவு எனக்கு நினைவுக்கு வரும். தலைவர் உப்பள்ள நடந்தார். தொண்டர் பின்னால் சிறைக்குப் போனார்.

பத்தே வருடத்தில் அந்தத் தொண்டர் அந்தத் தலைவரின் அணிக்கு எதிரே நின்றார். ராஜாஜி 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து முடித்திருந்தார். அவருக்கு எதிர் அணியில் சத்தியமூர்த்தி. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தபோது ராஜாஜி அணி சி.பி. சுப்பையாவை நிறுத்தியது, சத்தியமூர்த்தி அணி காமராஜரை நிறுத்தியது. எண்ணிப் பார்த்தபோது காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100.

அதற்கு முன்பு சத்தியமூர்த்தி தலைவராகவும் காமராஜர் செயலாளராகவும் இருந்தவர்கள். இப்போது காமராஜர் தலைவரானார்; சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளரானார். தான் வளர்த்த பிள்ளைக்குக் கீழே உட்கார அந்த மூத்தவர் கூசவில்லை. பதவியின் வரிசை மாறலாம், மரியாதையின் வரிசை மாற வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. சத்தியமூர்த்தி 1943-ல் மறைந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜர் அவர் வீட்டுக்குப் போய்த் தேசியக் கொடி ஏற்றினார்.

தோற்பதற்கும் பழகியவர்

காமராஜர் எப்போதும் வென்றார் என்று நினைத்துவிடக் கூடாது. 1942-ல் காங்கிரசை விட்டு விலகிய ராஜாஜி 1945-ல் திரும்ப வந்தபோது, போராட்டக் காலத்தில் சிறையில் கிடந்த தொண்டர்களுக்கு அது கசந்தது. 1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து திரும்பிய காந்தி, ராஜாஜியை எதிர்ப்பவர்களைச் சிறு கும்பல் என்ற பொருளில் ‘க்ளிக்’ என்று ஹரிஜன் இதழில் எழுதினார். காந்தியின் சொல் அது. தேசமே அவர் சொல்லுக்குத் தலையாட்டிய காலம். காமராஜர் மனம் நொந்து கட்சியின் பார்லிமென்டரி போர்டு பொறுப்பை விட்டு விலகினார். கட்சியை விட்டு விலகவில்லை.

அதே ஆண்டு மாகாணப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்தது. மேலிடம் ராஜாஜியை விரும்பியது. சட்டமன்றக் கட்சி ஏற்கவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் மேலிடத்தின் விருப்பத்தைச் சட்டமன்ற உறுப்பினர்கள் மறுக்க முடிந்தது என்பதை இன்றைய வாசகர் ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். போட்டி ஆந்திரத் தலைவர் டி. பிரகாசத்துக்கும் காமராஜர் ஆதரித்த சி.என். முத்துரங்க முதலியாருக்கும் இடையே நடந்தது. முத்துரங்க முதலியார் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நசரத்பேட்டைக்காரர். பிரகாசம் 82, முதலியார் 69. காமராஜர் தோற்றார்.

ஓராண்டில் காற்று திரும்பியது. 1947 மார்ச்சில் பிரகாசம் போய், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் செய்யூருக்குத் தெற்கே அக்கம்பக்கத்து ஊர் மாதிரிதான். 1949-ல் அவருக்குப் பதில் பி.எஸ். குமாரசாமி ராஜா வந்தார். ஒவ்வொரு மாற்றத்திலும் மனக்கசப்பு இருந்தது, கோஷ்டி இருந்தது, பேரம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முடிவு கட்சிக்குள்ளேயே, தலைகளை எண்ணி எடுக்கப்பட்டது. தோற்ற அணி அடுத்த முறைக்குக் காத்திருந்தது.

மேலவையிலிருந்து வந்த முதல்வர்

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகளும் பிரகாசமும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிடுவார்கள் என்ற நிலை. இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒருவரால்தான் முடியும் என்று காங்கிரஸ் ராஜாஜியை அழைத்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், மத்திய உள்துறை அமைச்சராக இருந்தவர், 73 வயதில் மாநில முதல்வரானார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார்.

ராஜாஜிக்கு நியாயம் செய்ய வேண்டும். 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தவர் அவர். 1952-ல் பதவியேற்ற சில வாரங்களில் உணவு ரேஷனை எடுத்து மக்களின் மூச்சை விடுவித்தவரும் அவர்தான். அறிவிலும் நேர்மையிலும் அவரை எவரும் குறை சொன்னதில்லை. அவரிடம் இருந்த குறை வேறு: தான் சரி என்று நினைத்ததைப் பிறரிடம் கேட்கத் தோன்றாத இயல்பு.

1953-ல் வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் அந்தக் குறை வெளிப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பது. பணம் குறைவான அரசு அதிகப் பிள்ளைகளை இரண்டு ஷிப்டில் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கைச் செய்யூரில் போட்டுப் பாருங்கள். உப்பு வாருகிறவர் மகள் மத்தியானம் உப்பளத்துக்கு; வலை இழுக்கிறவர் மகன் படகுக்கு; சாவுக்கு மேளம் அடிக்கிறவர் பிள்ளை மேளத்துக்கு. வக்கீல் மகன் எங்கே போவான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் வைத்த பெயர் நிலைத்தது அதனால்தான்.

பெரியாரும் அண்ணாவும் வெளியே நின்று எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பைப் பாடப்புத்தகம் வரை நாம் படித்திருக்கிறோம். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியதுதான் குறைவாகப் பேசப்பட்டது. காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களே மனு எழுதினார்கள், கூடிப் பேசினார்கள், டெல்லிக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1954 மார்ச்சில் ராஜாஜி பதவி விலகுவதாக அறிவித்தார்.

93 – 41

1954 மார்ச் 30. சட்டமன்றக் கட்சித் தலைவருக்கான தேர்தல். ஒரு பக்கம் 50 வயது காமராஜர். மறுபக்கம் ராஜாஜியின் ஆதரவு பெற்ற 44 வயது சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். இவரும் நசரத்பேட்டையைச் சேர்ந்தவர்தான். ஓட்டு எண்ணப்பட்டது. காமராஜர் 93, சுப்பிரமணியம் 41.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜாஜியின் தலைமையை எதிர்த்த காமராஜர் அவரைவிட 24 வயது இளையவர். ஆனால் ஓட்டுச் சீட்டில் காமராஜருக்கு எதிரே இருந்தவர் அவரைவிடவும் இளையவர். வயதை வைத்து மட்டும் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள முடியாது. யார் பேச்சை யார் கேட்கிறார்கள், கிராமத்துப் பள்ளியைப் பற்றி யாருக்கு என்ன எண்ணம் என்பதே அன்று எண்ணப்பட்டது.

ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், காமராஜர் பதவியேற்றார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை. அதில் சி. சுப்பிரமணியமும் இருந்தார், அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். இரண்டு வாரம் முன்பு எதிரே நின்றவர்களுக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டார் காமராஜர். அதோடு நிற்கவில்லை. மே மாதம் தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தவர் யார் தெரியுமா? கல்வி அமைச்சரான அதே சுப்பிரமணியம்தான். தோற்ற அணியின் கையாலேயே தவறு திருத்தப்பட்டது. அதனால் அந்த அணிக்கும் அவமானம் இல்லை.

அந்த எட்டுப் பேரில் நம் பகுதிக்கு மிக நெருங்கிய பெயர் ஒன்று உண்டு: பி. பரமேஸ்வரன். 1952-ல் மதுராந்தகம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பேரில் அவர் ஒருவர். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியில் ஒருவர் பொது, ஒருவர் பட்டியலினத்தவர் என்ற முறை அப்போது இருந்தது. 1961-ல் சட்டம் போட்டு நீக்கினார்கள். செய்யூர் அன்று மதுராந்தகம் தாலுகாவில்தான் இருந்தது. அந்த மதுராந்தகம் பரமேஸ்வரனுக்குக் காமராஜர் கொடுத்த துறைகளில் ஒன்று இந்து அறநிலையத் துறை. எந்தக் கோயில்களின் வாசல் சில வருடங்களுக்கு முன்புவரை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைத்திருந்ததோ, அந்தக் கோயில்களின் நிர்வாகம் அவர்களில் ஒருவர் கைக்கு வந்தது. கட்சிக்குள் நடந்த 93–41 என்ற எண்ணிக்கையின் அலை மதுராந்தகம் ஏரிக்கரை வரை வந்து தொட்டது.

இன்னொன்றும் நடந்தது. காமராஜர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். முதல்வராக நீடிக்க மாநிலத்தின் ஏதாவது ஒரு அவையில் இடம் வேண்டும். மேலவை எனும் எளிய வாசல் திறந்தே இருந்தது. ராஜாஜி அந்த வழியாகத்தான் வந்தார். காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்று வந்தார்.

ராஜாஜிக்கு என்ன ஆனது? அதே 1954-ல் நாட்டின் முதல் பாரத ரத்னா விருதாளர்களில் ஒருவரானார். பிறகு கட்சியோடு ஒட்டாமல் விலகி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967-ல் தி.மு.க.வோடு கைகோத்துத் தன் பழைய கட்சியைத் தோற்கடித்தார். நேர்மையான போட்டி நடந்தால் எல்லா மூத்தவரும் மனநிறைவோடு வீட்டிலிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். கட்சி மட்டும் அதனால் 1954-ல் உடையவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பள்ளிக்கூடங்கள் கட்டிக்கொண்டே போனது, 1956-ல் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது.

கதவு அடைத்தபோது

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மறுபக்கக் கதையும் உண்டு. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு. தலைமை திரு.வி.க. சாதிவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று பெரியார் கொண்டுவந்த தீர்மானம் ஓட்டெடுப்புக்கே வரவில்லை, தலைமை அனுமதிக்கவில்லை. பெரியார் எழுந்து வெளியேறினார். மூன்றேகால் வருடத்தில், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. அந்தத் தீர்மானம் ஓட்டுக்கு வந்து தோற்றிருந்தாலும் பெரியார் இருந்திருப்பாரா என்று ஊகிப்பதில் பயனில்லை. எண்ணப்படாத கருத்து வேறு கூரை தேடிப் போனது என்பது மட்டும் நடந்த உண்மை.

1949-ல் அதே நிலை பெரியாருக்கே வந்தது. அவருக்கு 70 வயது. காஞ்சிபுரத்துப் பிள்ளை அண்ணாவுக்கு 40. திராவிடர் கழகத்தில் தலைவரை எதிர்த்து ஓட்டுக் கேட்க வழி இல்லை. பெரியாரின் திருமணம் கடைசிக் காரணமானது. செப்டம்பர் 17-ல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாகவே விட்டுவைத்தார். 1967-ல் ஆட்சியைப் பிடித்ததும் திருச்சிக்குப் போய் அவரையே முதலில் பார்த்தார். எதிர்த்தும் வணங்கலாம் என்பதைத் தமிழ்நாட்டுக்குச் செய்து காட்டியவர் அவர்.

அந்த அண்ணா தன் கட்சியிலும் எண்ணும் வழக்கத்தை வைத்தார். 1956-ல் திருச்சி மாநாட்டில், கழகம் தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதைத் தலைவர்கள் அறைக்குள் முடிவு செய்யவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களிடம் பெட்டி வைத்துக் கேட்டார்கள். நிற்கலாம் என்று 56,942 பேரும் வேண்டாம் என்று 4,203 பேரும் ஓட்டுப் போட்டார்கள். பொதுச்செயலாளர் பதவியையும் அண்ணா தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்தார்.

பிறகு வந்த காலத்தில் பெட்டிகள் மெல்ல மறைந்தன. ‘ஏகமனதாக’ என்ற சொல் அந்த இடத்துக்கு வந்தது. 1972-ல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க. கண்டார். மூன்று முறை மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வைகோ 1993-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு 1994-ல் ம.தி.மு.க. கண்டார். அ.தி.மு.க.வின் தலைமைப் பிரச்சினை 2022 ஜூலை பொதுக்குழுவுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணங்கள் உண்டு, நியாயங்கள் உண்டு. ஆனால் கட்சிக்குள் தோற்று, கட்சிக்குள்ளேயே அடுத்த முறைக்குக் காத்திருக்கும் இடம் இவற்றில் எதிலும் இல்லை. இளையவருக்கு எஞ்சியவை இரண்டுதான்: காத்திருந்து நரைப்பது அல்லது வெளியேறுவது.

எதிர்த்தவரும் ஒருநாள் மூத்தவர் ஆவார்

காமராஜரின் வாழ்க்கை இந்தப் பாடத்தை மறுபக்கமிருந்தும் சொல்கிறது. 1963-ல் அவர் தானாகவே முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு வர வேண்டும் என்ற அவர் திட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1967-ல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1969-ல் காங்கிரசுக்குள் மூத்தவர்களின் அணியில் அவர் இருந்தார். எதிரே இந்திரா காந்தி. அந்தப் போட்டி எண்ணிக்கையில் முடியாமல் கட்சியின் பிளவில் முடிந்தது. 1954-ல் காமராஜரால் அருகே உட்கார வைக்கப்பட்ட சி. சுப்பிரமணியம் இந்திரா பக்கம் போனார். 1971 தேர்தலில் காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணியில் நின்றார்கள். மூன்று ஓட்டில் தொடங்கிய பகை முப்பது வருடம் கழித்து அங்கே வந்து முடிந்தது.

ராஜாஜி, காமராஜர், சுப்பிரமணியம் மூவருமே பாரத ரத்னாக்கள். வென்றவரும் தோற்றவரும் விலகியவரும் நாட்டுக்குப் பயன்பட்டார்கள். சுப்பிரமணியம் பிறகு மத்திய உணவு அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்டார். 1954-ல் 41 ஓட்டு வாங்கியதோடு அவரை ஒதுக்கிவைத்திருந்தால் அந்த மனிதர் நாட்டுக்குக் கிடைத்திருப்பாரா?

செங்கல்பட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொரு நாள் 1965 பிப்ரவரியில் வந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, மத்திய ஆட்சியில் இருந்த இரண்டு தமிழர்கள் சொந்தக் கட்சி அரசை எதிர்த்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் சி. சுப்பிரமணியம், மற்றவர் செங்கல்பட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் ஓ.வி. அளகேசன். உள்ளே இருந்துகொண்டே எதிர்க்கும் குணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

தனித்தொகுதியின் மறந்த பக்கம்

செய்யூர் போன்ற தனித்தொகுதிக்கு இந்தக் கேள்வி கூடுதலாக முக்கியம். 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒதுக்கப்பட்ட தொகுதியில் முதலில் தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அமெரிக்கா போல ஒரு முதல்நிலைத் தேர்தல்! பத்து வருடத்துக்கு என்று வரையறுக்கப்பட்ட அந்த முறை, அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது இடம் பெறவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசனும் ஒருவர். அவர் பிறந்த கோழியாளம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். ராஜாஜியின் கையெழுத்தும் அதில் உண்டு. எங்களை யார் பிரதிநிதித்துவம் செய்வது என்பதை முதலில் நாங்கள் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த விதியின் உயிர். இன்று செய்யூரில் அந்த முதல் சொல் மேடைக்குப் பின்னால் சொல்லப்படுகிறது.

கட்சி உறுப்பினர் எல்லோரும் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் தனித்தொகுதியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒன்றியத்தில் பெரும்பான்மையாக இருக்கும் சாதிகள் தங்களுக்கு அடங்கிப்போகும் ஆளையே தேர்ந்தெடுக்கலாம். பூனா ஒப்பந்தம் எழுதியவர்கள் இந்த ஆபத்தை அறிந்தே முதல் சுற்றை அந்த மக்களிடம் மட்டும் விட்டார்கள். ஒரு கட்சி விரும்பினால் இன்றே தன் விதிகளில் இதைச் செய்யலாம். சட்டம் தடுக்கவில்லை.

வழி என்ன?

உட்கட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று தேர்தல் ஆணையம் பதிவு பெற்ற கட்சிகளிடம் எதிர்பார்க்கிறது. கிளை, ஒன்றியம், மாவட்டம் என்று பெரிய கட்சிகள் காலம் தவறினாலும் நடத்துகின்றன. பெரும்பாலும் ஒரே மனு வரும். போட்டியின்றித் தேர்வு என்று அறிவிப்பு வரும். 2022 அக்டோபரில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு உண்மையான போட்டி நடந்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த 80 வயது மல்லிகார்ஜுன கார்கே 7,897 ஓட்டு; அவரைவிட 14 வயது இளையவரான சசி தரூர் 1,072 ஓட்டு. தோற்றவர் கட்சியை விட்டுப் போகவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலில் அதே கட்சி வேட்பாளராக வென்றார். இலங்கையில் 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவிக்குத் திருகோணமலையில் ஓட்டெடுப்பு நடந்தது. சிறீதரன் 184, சுமந்திரன் 137. பிறகு அது வழக்கில் சிக்கியது வருத்தமே. என்றாலும் ஈழத் தமிழர்களின் மூத்த கட்சி எண்ணிப் பார்க்கத் துணிந்தது.

1954-ல் நடந்ததை உற்றுப் பார்த்தால் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்பது முன்பே தெரிந்திருந்தது. இரண்டு பெயர் வெளிப்படையாக வைக்கப்பட்டது. எண்ணிக்கை வெளியே சொல்லப்பட்டது. தோற்றவருக்கு இடம் கொடுக்கப்பட்டது. வென்றவர் உடனே மக்களிடம் போய் நின்றார். இந்த ஐந்தில் நான்காவதுதான் கடினம். அதுதான் மற்ற நான்கையும் காப்பாற்றுகிறது. தோற்றால் ஒழித்துக்கட்டுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தக் கிளைச் செயலாளரும் சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்கு எதிரே பெயர் கொடுக்க மாட்டார்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களை எதிர்த்து ஒரு பையனோ பெண்ணோ மனு கொடுத்தால் அதைத் துரோகம் என்று சொல்லாதீர்கள். உங்களிடம் கற்றதை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் தகுதியானவர் என்றால் வெல்வீர்கள். மாசசூசெட்ஸில் மார்கி வென்றது போல. இளையவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். காமராஜர் 1946-ல் தன் வேட்பாளர் 69 ஓட்டோடு தோற்றதைப் பார்த்தவர். கட்சி ஆபீசுக்கு அடுத்த நாளும் போனவர்.

செய்யூரில் அடுத்த முறை விருப்ப மனு வாங்கும் காலம் வரும்போது ஏதாவது ஒரு கட்சி, சென்னைக்குப் பட்டியல் அனுப்பும் முன், இலத்தூரிலும் சித்தாமூரிலும் தன் உறுப்பினர்களைக் கூட்டி இரண்டு பெட்டி வைக்கட்டும். ஒன்றில் இன்றைய எம்.எல்.ஏ. பெயர், மற்றதில் அவரை எதிர்க்கும் இளையவர் பெயர். எண்ணி முடித்த பிறகு வென்றவர் எழுந்து தோற்றவரின் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கட்டும். எழுபது வருடம் முன்பு இந்த மாநிலத்தில் அது நடந்தது. மதுராந்தகத்துக்கு அதனால் ஒரு அமைச்சர் கிடைத்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு முழுநேரப் பள்ளி திரும்பக் கிடைத்தது.